பிடித்த பாடமே பெரிய பாடம்

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை, பிள்ளையார்பாளையம்)



பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாளே நம்ம வீடுகளில் ஒரு கேள்வி ஆரம்பமாகி விடும். எந்த பிராஞ்ச்? பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியற்காலையில் பாவு விரித்துக் கொண்டிருக்கும் பெரியவர் கேட்பார். கூலி வாங்கப் போன இடத்தில் முதலாளி கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். கம்ப்யூட்டர் என்று சொன்னால் முகம் மலரும். சிவில் என்றால் ஒரு 'ம்' வரும், அவ்வளவுதான். ஜவுளித் தொழில்நுட்பம் என்று சொல்லிப் பாருங்கள்... தறியை விட்டு வெளியே வரட்டும் என்றுதானே உன்னைப் படிக்க வைத்தோம், மறுபடியும் தறிக்கே போறியா என்பார்கள்.

அவர்கள் சொல்வதை முழுசாகத் தப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு பட்டுப் புடவை முடிய எத்தனை நாள் குழிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும், எத்தனை பேர் கை படவேண்டும் என்று நமக்குத் தெரியும். பிள்ளையாவது நாற்காலியில் உட்காரட்டும் என்று நினைப்பது பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தோடு ஊர்மதிப்பும் கைகோர்த்துக் கொண்டு வந்து விடுகிறது. பையனுக்கு எது பிடிக்கிறது என்ற கேள்வி மட்டும் வாசலிலேயே நின்று விடுகிறது.

இந்தச் சிக்கல் கஷ்டப்படுகிற வீடுகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னை மயிலாப்பூரில், படிப்புக்கும் பணத்துக்கும் குறைவில்லாத ஒரு வீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. அந்த வீட்டுப் பையன் என்ன செய்தார், கடைசியில் என்ன ஆனார் என்பதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன். அவர்தான் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி சுப்ரமணியன் சந்திரசேகர்.

பிறப்பும் குடும்பமும்

1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதி, இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் லாகூரில் சந்திரசேகர் பிறந்தார். தமிழ்க் குடும்பம். அப்பா சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் பெரிய அதிகாரி. அதனால்தான் லாகூர் வாசம். அம்மா சீதாலட்சுமி. பத்துக் குழந்தைகள் பிறந்த அந்த வீட்டில் சந்திரசேகர் மூன்றாவது பிள்ளை, ஆண் பிள்ளைகளில் மூத்தவர். மூத்த மகன் என்றால் வீட்டின் எதிர்பார்ப்பெல்லாம் யார் தலையில் விழும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

அப்பாவின் சொந்தத் தம்பிதான் சர் சி.வி. ராமன். ஆக நம்ம கதாநாயகனுக்கு ராமன் சித்தப்பா முறை. ராமனின் கதையிலும் நம் விஷயத்துக்கு ஒரு செய்தி இருக்கிறது. அவருக்கு இயற்பியல் என்றால் உயிர். ஆனால் அந்தக் காலத்தில் விஞ்ஞானத்தை நம்பி ஒரு இந்தியர் பிழைக்க வழி கிடையாது. அதனால் 1907இல் நிதித் துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரி ஆனார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்தார். பத்து வருஷம் இப்படி இரட்டை மாட்டு வண்டி ஓட்டிவிட்டு, 1917இல் சம்பளம் குறைவு என்று தெரிந்தே அரசு வேலையை விட்டு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1928இல் ராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு.

அண்ணன் தம்பி இரண்டு பேருமே கணக்கு அதிகாரிகளாகத் தொடங்கியவர்கள். ஒருவர் பதவியிலேயே நின்றார். இன்னொருவர் பிடித்ததைத் தேடிப் போனார். இந்த இரண்டு வழிகளையும் வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர் சந்திரசேகர்.

அம்மா சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் தானாகவே ஆங்கிலம் கற்றுக்கொண்டு, நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்சன் எழுதிய ஒரு நாடகத்தையே தமிழில் மொழிபெயர்த்தவர். வீட்டில் அதிகாரம் அப்பாவுடையது என்றாலும், பிள்ளையின் மனசைப் படித்தவர் இந்த அம்மாதான்.

காஞ்சியில் கால் வைத்த இன்னொருவர்

1920ஆம் ஆண்டு. சந்திரசேகருக்குப் பத்து வயது கூட ஆகவில்லை. கணித மேதை ராமானுஜன் இறந்து விட்டார் என்ற பத்திரிகைச் செய்தியை அம்மா மகனிடம் சொன்னார். நம்ம ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் இங்கிலாந்து போய், உலகமே மெச்சும் கணக்குகளைப் போட்டார் என்ற விஷயம் அந்தச் சின்ன மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்து விட்டது. தானும் அப்படி ஆகவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே விழுந்த விதை.

இந்த ராமானுஜனுக்கும் நம்ம காஞ்சிபுரத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா காஞ்சிபுரத்தில் கோர்ட்டு வேலையில் இருந்தார். அதனால் 1890களின் தொடக்கத்தில், குழந்தை ராமானுஜன் சில வருஷம் இந்த ஊரில் வளர்ந்து, இங்கே பள்ளிக்கூடமும் போயிருக்கிறார். அவருடைய அப்பா கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் குமாஸ்தா. புடவைக்குக் கணக்கு எழுதிய வீட்டில் இருந்துதான் அந்தக் கணித மேதை வந்தார்!

ஆனால் ராமானுஜன் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். கணக்கைத் தவிர மற்றதைத் திரும்பியே பார்க்காததால் கும்பகோணம் காலேஜில் உதவித்தொகை போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. வேலை இல்லாமல், சாப்பாட்டுக்கே அல்லாடி, கடைசியில் துறைமுக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் மூச்சு விட்டார். பிடித்த பாடம் மட்டும் போதும், மற்ற பேப்பர் எப்படிப் போனால் என்ன என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராமானுஜன் மேல் சந்திரசேகருக்கு இருந்தது பக்தி. ஆனால் அவர் நடந்த வழி வேறு.

கணக்கா? இயற்பியலா?

அப்பாவுக்கு வேலை மாற்றம் ஆகி, 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1925இல், பதினைந்து வயது நிறையும் முன்பே, மாநிலக் கல்லூரியில் சேர்ந்து விட்டார். இரண்டு வருஷப் படிப்பை முதல் தரத்தில் முடித்தார். அடுத்தது ஆனர்ஸ். இங்கேதான் வந்தது சிக்கல்.

அவருக்கு எடுக்க ஆசை கணிதம். ராமானுஜன் பாடம் ஆச்சே! அப்பாவின் ஆசையோ வேறு. மகன் இயற்பியல் ஆனர்ஸ் படிக்க வேண்டும், அதன் பிறகு ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி கலெக்டராக வேண்டும். அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸைவிட ஒருபடி மேல். வெள்ளைக்காரனுக்குச் சமமாக உட்காரும் நாற்காலி. அந்த மதிப்பை எந்த அப்பாதான் வேண்டாம் என்பார்?

அம்மா மட்டும் மகன் பக்கம் நின்றார். உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய், யாருக்கும் பயப்படாதே என்பதுதான் அவர் கொடுத்த தைரியம்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் மகன் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பி இருப்பார். சந்திரசேகர் அப்படிச் செய்யவில்லை. அப்பா சொன்னபடி இயற்பியல் ஆனர்ஸில் பெயர் கொடுத்தார். ஆனால் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார்! ரிஜிஸ்டரில் இயற்பியல், பெஞ்சில் கணிதம். யாரையும் எதிர்க்கவில்லை, எதையும் விட்டுக் கொடுக்கவும் இல்லை. ஒருத்தர் படிக்கும் நேரத்தில் இரண்டு பேர் படிப்பைப் படித்தார்.

நம்ம ஊர்க் கோர்வைப் புடவையை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் பிடித்து இழுத்தாலும் பிரியாது. அந்தப் பையன் செய்ததும் கோர்வைதான். இயற்பியல் உடல் என்றால் கணிதம் கரை. பின்னாளில் அவரை உலகம் கொண்டாடியது இந்த இரண்டும் சேர்ந்த இடத்துக்காகத்தான் என்றால் அது மிகையாகாது.

காலேஜ் மாணவனின் கண்டுபிடிப்பு

1928 கோடை விடுமுறையில் கல்கத்தா போய்ச் சித்தப்பாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். ராமன் விளைவு கண்டுபிடித்து சில மாதமே ஆன நேரம், கூடமே கொண்டாட்டமாக இருந்தது. ஆனாலும் கருவிகளைவிடக் காகிதமும் பென்சிலும்தான் தன் வழி என்பது அவருக்குத் தெரிந்து போனது. இதுவும் ஒரு நல்ல பாடம். சித்தப்பா நோபல் வாங்கும் வழி என்பதால் அது நமக்கும் வழி ஆகிவிடாது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணு அமைப்புப் புத்தகத்தை சந்திரசேகர் தானாகவே படித்து முடித்திருந்தார். அந்த தைரியத்தில், பேசிவிட்டு வரலாம் என்று அவரைப் போய்ப் பார்த்தார். அங்கே காத்திருந்தது அதிர்ச்சி! அந்தப் புத்தகம் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் என்று ஒன்று வந்திருக்கிறது, நீ படித்ததெல்லாம் பழசு என்கிற மாதிரி அவர் சொல்லி விட்டார். நாமாக இருந்தால் சோர்ந்து போயிருப்போம். சோமர்ஃபெல்டு தன்னுடைய புதிய கட்டுரையின் அச்சுப் படிகளைக் கொடுத்தார். சந்திரசேகர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தார். சில மாதங்களில் அந்தப் புதுக் கணக்கை வைத்துத் தானே ஒரு கட்டுரை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏடு அதை வெளியிட்டது. அப்போது அவர் இன்னும் பட்டம் கூட வாங்கவில்லை! யாரும் மார்க்குக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. சிலபஸிலும் இல்லை. பிடித்திருந்தது, செய்தார்.

1930இல் ஆனர்ஸ் முடிந்தது. இங்கிலாந்து போய் ஆராய்ச்சி செய்ய அரசு உதவித்தொகை கிடைத்தது. ஐ.சி.எஸ். கனவு அத்தோடு கரைந்தது. ஆனால் அந்த நேரத்தில் அம்மா நோயில் படுத்திருந்தார். போனால் திரும்பிப் பார்க்க முடியுமோ முடியாதோ. மகன் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று அனுப்பி வைத்தவரும் அந்த அம்மாவே. 1931ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானபோது மகன் கடல் தாண்டி இருந்தார். பிடித்த படிப்புக்கு அவர் கொடுத்த விலையில் இதுவும் ஒன்று.

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். வயது பத்தொன்பது. நம்ம செட்டில் டிப்ளமோ முடித்து வெளியே வரும் வயது! முதல் சில நாள் கடல் கொந்தளிப்பு. கடல் அடங்கியதும் பேப்பரை எடுத்தார்.

விஷயம் இதுதான். சூரியன் மாதிரி ஒரு விண்மீன் தன்னிடம் இருக்கும் எரிபொருளை எல்லாம் தீர்த்த பிறகு சுருங்கும். சுருங்கிச் சுருங்கி பூமி அளவுக்கு வந்து நின்றுவிடும். இதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். அதற்கு மேல் ஏன் சுருங்குவதில்லை? உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் இடம் கொடுப்பதில்லை. ஒரு சீட்டில் ஒருவர்தான் என்கிற பஸ் மாதிரி, ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான் உட்கார முடியாது. நெருக்க நெருக்க அவை வேகமாக ஓடும், எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளுதல்தான் விண்மீனைத் தாங்கி நிற்கிறது. எல்லா விண்மீனுக்கும் முடிவு இதுதான் என்று அன்றைய பெரியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று இந்தப் பையன் கேட்டார். சேர்த்துப் போட்டால் விடை தலைகீழ். விண்மீனின் எடை ஒரு அளவைத் தாண்டினால் எலெக்ட்ரான்களால் தாங்க முடியாது. விண்மீன் வெள்ளைக் குள்ளனாக நிற்காமல் மேலும் இடிந்து விழுந்து கொண்டே போகும்! அந்த அளவு சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இன்றைக்கும் உலகம் முழுக்க பாடப் புத்தகங்களில் சந்திரசேகர் எல்லை என்று இருப்பது இதுதான். இயற்பியல் வகுப்பில் படித்ததும் கணித வகுப்பில் திருட்டுத்தனம் இல்லாமல் போய் உட்கார்ந்து கற்றதும் கோர்வையாகச் சேர்ந்த இடம் இது.

ஒரு மாலையில் போன மதிப்பு

கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் 1933இல் கிடைத்தது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். ராமானுஜனுக்குப் பிறகு அந்தப் பெருமை பெற்ற இந்தியர் இவரே. சின்ன வயசில் கண்ட கனவு பலித்த மாதிரி இருந்தது.

1935 ஜனவரி 11ஆம் தேதி, லண்டனில் ராயல் வானியல் கழகத்தின் கூட்டம். பல மாதம் உழைத்துத் துல்லியமாக்கிய தன் கணக்கை சந்திரசேகர் அங்கே விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலின் முடிசூடா மன்னர். சந்திரசேகர் கல்லூரியில் படிக்கும்போது போட்டி ஒன்றில் பரிசாகக் கேட்டு வாங்கிய புத்தகமே இவர் எழுதியதுதான்! அப்படிப்பட்டவர் கூட்டம் முழுக்கச் சிரிக்கும்படி அந்தக் கணக்கைக் கிண்டல் செய்து, விண்மீன் இப்படி நடந்து கொள்ள இயற்கை அனுமதிக்காது என்று முடித்து விட்டார். பதில் சொல்ல இளைஞருக்கு வாய்ப்பும் தரப்படவில்லை.

பெரிய பெரிய விஞ்ஞானிகள் தனியாகச் சொன்னார்கள், நீ சொல்வதுதான் சரி என்று. மேடையில் சொல்ல ஒருத்தரும் முன் வரவில்லை. வயது இருபத்து நாலு, அந்நிய நாடு, அம்மாவும் இல்லை. ஊர் கொடுத்த மதிப்பு ஒரே மாலையில் போச்சு.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் நம் எல்லோரையும் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். மதிப்புக்காக அவர் இந்தத் துறைக்கு வந்திருந்தால், அன்றோடு மூட்டை கட்டி இருப்பார். மதிப்பு என்பது ஊர் கொடுப்பது. கொடுத்த ஊர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக் கொள்ளும். பிடிப்பு நம்முடையது. அதை எடிங்டனால் கூட எடுக்க முடியவில்லை.

சந்திரசேகர் சண்டையை வளர்த்துக் கொண்டு நிற்கவில்லை. தன் கணக்கு சரி என்பதில் சந்தேகமும் படவில்லை. எல்லாவற்றையும் 1939இல் ஒரு புத்தகமாக எழுதி முடித்து வைத்துவிட்டு, வேறு பிரச்சினைக்குப் போனார். எடிங்டனோடு நட்பைக்கூட முறித்துக் கொள்ளவில்லை. பல வருஷம் கழித்து, அவருடைய காலத்தின் தலைசிறந்த வானியலாளர் எடிங்டனே என்று கேம்பிரிட்ஜிலேயே பேசிய பெருந்தன்மை அவருடையது.

பத்து வருஷத்துக்கு ஒரு முதலாம் ஆண்டு

1936இல் ஊருக்கு வந்து லலிதாவைத் திருமணம் செய்து கொண்டார். மாநிலக் கல்லூரியில் அதே இயற்பியல் ஆனர்ஸ், ஒரு வருஷம் ஜூனியர். அந்தப் பயணத்தில் இன்னொரு காரியமும் செய்தார். ராமானுஜனின் படம் ஒன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். திருவல்லிக்கேணியில் இருந்த ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய், பாஸ்போர்ட்டில் இருந்த படத்தை வாங்கி வந்தார். இன்று நாம் புத்தகங்களில் பார்க்கும் ராமானுஜன் முகம் பெரும்பாலும் அந்தப் படத்தில் இருந்து வந்ததே.

1937இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். கடைசி வரை அந்தப் பல்கலைக்கழகம்தான். அவர் வேலை செய்த முறை விசித்திரமானது. ஒரு துறையை எடுப்பார். பத்து வருஷம் போல அதிலேயே மூழ்குவார். அதன் முழுமையையும் ஒரு பெரிய புத்தகமாக எழுதி முடிப்பார். பிறகு அதை விட்டுவிட்டு, புதிய துறையில் ஒரு முதலாம் ஆண்டு மாணவன் மாதிரி உட்கார்ந்து விடுவார். விண்மீனின் உள்ளமைப்பு 1939, விண்மீன் கூட்டங்களின் இயக்கம் 1942, ஒளி ஊடுருவிச் செல்லும் முறை 1950, பாய்மங்களின் நிலைத்தன்மை 1961, சுழலும் உருவங்கள் 1969, கருந்துளைகள் 1983 என்று வரிசையாகப் புத்தகங்கள். ஒரே துறையில் உட்கார்ந்து பெயரை அனுபவித்திருக்கலாம். அவருக்கு வேண்டியது பெயர் இல்லை, புதுசாகக் கற்கும் சந்தோஷம்.

வானாய்வகத்தில் இருந்து சிகாகோ நகரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 1940களில் ஒரு வகுப்பு எடுக்க வாரா வாரம் அவ்வளவு தூரம் காரில் போய் வந்தார். அந்த வகுப்பில் இருந்தவர்கள் லீ, யாங் என்ற இரண்டு சீன மாணவர்கள். அந்த இருவருக்கும் 1957இல் நோபல் பரிசு! வாத்தியாருக்கு வந்ததோ அதற்கும் 26 வருஷம் கழித்து.

1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஏடு ஒன்றின் ஆசிரியராக இருந்து, அதை உலகத்தின் முதன்மை ஏடாக வளர்த்தார். 1968இல் இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது. 1983இல், அக்டோபர் 19ஆம் தேதி, அவருடைய 73ஆவது பிறந்தநாளன்றே நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி இருந்தது. அதற்குள் நியூட்ரான் விண்மீன்களையும் கருந்துளை இருப்பதற்கான அடையாளங்களையும் விஞ்ஞானிகள் வானத்தில் கண்டுபிடித்து விட்டார்கள். இயற்கை அனுமதித்துத்தான் இருந்தது!

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் சும்மா இருக்கவில்லை. நியூட்டனின் பழைய கணக்குகளை முதலில் தானே போட்டுப் பார்த்து, பிறகு நியூட்டன் போட்ட விதத்தோடு ஒப்பிட்டு, 1995இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதி சிகாகோவில் காலமானார். 1999இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சுருக்கி சந்திரா என்று பெயர் வைத்தார்கள்.

நமக்கு என்ன?

அவர் மேதை, நாம் டிப்ளமோ, இரண்டும் ஒன்றா என்று சில நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நோபல் பரிசை விடுங்கள். பதினேழு வயதில் அவர் நின்ற இடமும் நாம் நிற்கும் இடமும் ஒன்றுதானே? ஒரு பக்கம் அப்பா, எதிரே ஊர், உள்ளுக்குள் ஒரு ஆசை.

நம்மில் பாதிப் பேர் கேட்ட பிராஞ்ச் கிடைத்து வந்தவர்கள் இல்லை. மார்க்கு கொடுத்த பிராஞ்ச், மாமா சொன்ன பிராஞ்ச், சீட் காலியாக இருந்த பிராஞ்ச். போனது போச்சு என்று மூன்று வருஷத்தை ஓட்டி விடலாம். அல்லது சந்திரசேகர் மாதிரி செய்யலாம். பெயர் கொடுத்த பாடத்தை ஒழுங்காகப் படித்துத் தேறுவது. கூடவே, பிடித்த பாடம் நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு ஓரத்தில் உட்காருவது. எலக்ட்ரானிக்ஸ் படிப்பவனுக்கு லேத்தில் ஆசை இருந்தால் ஒர்க்‌ஷாப் கதவு பூட்டியா இருக்கிறது? மெக்கானிக்கல் பையனுக்குத் தறியில் ஆசை இருந்தால், ஜக்கார்டு பெட்டி ஏன் சிக்குகிறது, அட்டை ஏன் தப்பான இழையைத் தூக்குகிறது என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம், அவன் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. இயந்திரவியலும் நெசவும் சேரும் கோர்வையை நம்ம தெருப் பிள்ளை போடாமல் வேறு யார் போடப் போகிறார்கள்?

ஜவுளிப் படிப்பில் உண்மையாகவே ஆசை உள்ள தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே சேலத்தில் தனி நிறுவனம் இருக்கிறது. சாயம், வடிவமைப்பு, தரப் பரிசோதனை என்று தறிக்கு வெளியேயும் வேலை இருக்கிற படிப்பு அது. இதை வீட்டில் எடுத்துச் சொன்னால், தறிக்கே போறியா என்று கேட்கும் அப்பாவும் ஒரு நிமிஷம் யோசிப்பார். அவர் எதிர்ப்பது நம் ஆசையை அல்ல, தான் பட்ட கஷ்டத்தை நாமும் படுவோமோ என்ற பயத்தைத்தான். பயத்துக்குப் பதில் கோபம் இல்லை, விவரம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. பிடித்த பாடம் என்றால் சுலபமான பாடம் என்று அர்த்தம் இல்லை. ஒரு கணக்குக்கு ஐம்பது வருஷம் காத்திருக்கும் பொறுமை, கூட்டம் சிரித்தாலும் மறுநாள் காலையில் மேஜைக்குப் போய் உட்காரும் மனசு, இதெல்லாம் பிடித்த வேலையில்தான் வரும். சந்திரசேகர் கலெக்டராகி இருந்தால் நல்ல கலெக்டராகத்தான் இருந்திருப்பார். ஆனால் வெள்ளைக் குள்ளன்களின் எல்லைக்கு இன்று வேறு யாருடைய பெயரோ இருந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, எந்த பிராஞ்ச் என்று ஊர் கேட்கட்டும். பதில் சொல்வோம். ஆனால் எது பிடிக்கும் என்ற கேள்வியை நம்மை நாமே கேட்டுக் கொள்வோம். அதற்குக் கிடைக்கும் பதிலுக்காக உழைப்போம்! உயர்வோம்!